கதவுக்கு ஒரு நீல வயர்

எங்கள் வரிசை வீடுகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தவரை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவருடைய வீட்டுக் குளியலறைக் கதவில் கொண்டி இல்லை. முதல் தடவை கை கழுவப் போனபோதே கவனித்தேன். கொண்டி இருந்த இடத்துத் துளைகளைப் பற்பசையால் அடைத்து மேலே வெள்ளைப் பூச்சுப் பூசியிருந்தார். உள்ளே ஆள் இருக்கும்போது வெளிப்பிடியில் ஒரு துவாயைத் தொங்கவிட வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். படுக்கையறைக் கதவுகளிலும் பூட்டு இல்லை. பின்வளவுப் படலைக்குக் கொழுக்கி இருந்தது, அதைப் போடுவதில்லை. காற்றுக்குப் படலை அடிக்கிறதென்று என் மனைவி ஒருமுறை போய்க் கொழுக்கியைப் போட்டுவிட்டு வந்தாள். கேத்தல் கொதிப்பதற்குள் அக்கா வெளியே வந்து அதைக் கழற்றி, படலை அடிக்காதபடி கீழே ஒரு கல்லை வைத்தார். கோபம் எதுவும் இல்லை. எங்கள் குசினி யன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

முன்கதவை மட்டும் பூட்டுவார். அதுவும் உள்ளேயிருந்து பிடியைத் திருப்பினால் திறந்துகொள்ளும் பூட்டு.

"வெளியில இருக்கிற ஆக்கள் உள்ள வராமல் பூட்டலாம் தம்பி. உள்ள இருக்கிற ஆளைப் பூட்டப்படாது" என்பார். நான் கேட்டுச் சொன்னதில்லை. கதவைப் பற்றிப் பேச்சு வந்தால் அதைச் சொல்வார். பிறகு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்.

ஆள் கட்டை. மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலை செய்வார். வீட்டுக்குள் எப்போதும் கணவருடைய பழைய சாம்பல்நிறக் கம்பளிக் காடிகன். அதன் வலது பையில் கைபேசி. பையின் அடி அந்தப் பாரத்தால் தொய்ந்திருக்கும். ஸ்காபறோவில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரோனிக் பலகைகளுக்கு ஈயத்தை உருக்கி சோல்டர் வைக்கிற வேலையில் பல வருடங்கள் இருந்தவர். அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. அக்கா வீட்டில் நின்றார். கொஞ்ச நாளில் தானே ஒரு சோல்டர் கோலை வாங்கி, சாப்பாட்டு மேசையில் கோயில் கலண்டரின் பழைய தாளை விரித்து, அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போட்டுவிட்டு, சின்னச் சின்னப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். பிழைப்புக்காக அல்ல.

"ஆக்கள் சும்மா இருந்து தாளம் போடுறதில்லையோ, அது மாதிரித்தான் இது. கை கேக்குது."

முதலில் செய்தது கறிவேப்பிலைக்கு. குளிர்காலத்தில் சாடி வரவேற்பறை யன்னலடிக்கு வந்துவிடும். அதன் மண்ணில் இரண்டு கம்பிகளைக் குத்தி, தீப்பெட்டியளவு பலகையொன்றில் இணைத்து, மண் காய்ந்தால் கைபேசிக்குச் செய்தி வருகிற மாதிரிச் செய்திருந்தார். அதற்கு மின்சாரம் சுவரிலிருந்து ஒரு சின்ன அடப்டர் வழியாக வந்தது. அந்த அடப்டரைத் தினமும் மாலையில் அண்ணை கழற்றினார். கன்று அந்த மாரியில் பட்டுப்போனது.

அண்ணை என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே வந்த பிறகு பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். நினைவு போகத் தொடங்கியபோது இந்த நாட்டுப் பக்கத்திலிருந்துதான் போனது. பிறம்ரன் முதலில் போனது. கார் ஓட்டியது, சிற்றிசன் எடுத்தது, இந்த வீட்டை வாங்கியது எல்லாம் போயின. சங்கக்கடை மிஞ்சியது. வெளியே வெளிச்சம் குறையத் தொடங்கினால் அவருக்குக் கடை பூட்டுகிற நேரம். எழுந்து, அறை அறையாகப் போய், சுவரில் செருகியிருக்கிற ஒவ்வொரு பிளக்கையும் கழற்றுவார். ரிவி, மேசைவிளக்கு, ரோஸ்டர், கைபேசிச் சார்ஜர். கழற்றிய வயரைச் சுருட்டி ஒழுங்காக வைப்பார். எதையும் எறிந்து நான் கண்டதில்லை.

"நாடகம் முடியிற கட்டத்தில வந்து கழட்டுவார். ஆர் கொலை செய்தது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

பிறகு சட்டைப் பையில் பேனை இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். "சரி, நான் வெளிக்கிடுறன்" என்பார். முன்கதவைத் திறந்து, வீட்டுக்குப் போவதற்காக, வீட்டைவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

என்னை அவர் கிளாக்கர் என்று கூப்பிடுவார். சங்கக்கடையில் அவருக்குக் கீழே வேலை செய்த யாரோ ஒருவருடைய இடத்தில் நான் இருந்தேன்.

"கிளாக்கர், சீனி வந்ததோ?"

"ஓம் மனேஜர், வந்தது."

"நனையாமல் வைச்சியோ?"

"பலகைக்கு மேல வைச்சிருக்கு."

"நல்லது. நீ ஒருத்தன்தான் சொன்னதைச் செய்யிறாய்" என்பார். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "அப்ப மற்ற ஆக்கள் எல்லாம் சும்மா சம்பளம் எடுக்கினம் போல" என்பார்.

யூனியன்வில்லில் இருக்கிற மகள் கதவுக்கு ஒரு அலார்ம் வாங்கிக் கொடுத்தாள். சுவரில் செருகுகிற வகை. கதவு திறந்தால் கத்தும். முதல் நாளே அண்ணை மற்றவற்றோடு சேர்த்து அதையும் கழற்றி, வயரைச் சுருட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார். இதில் அவர் செய்த தவறென்று எதுவும் இல்லை. வெளியே போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றுவதுதான் அவருடைய ஒழுங்கு. ஆகவே சுவரில் செருகிய எந்த அலார்மும் அது தேவைப்படுகிற அந்த நேரத்தில் செத்துத்தான் இருக்கும். அடுத்து பற்றரியில் ஓடுகிற ஒன்று வந்தது. கதவு நிலையில் தைமாதக் குளிர் பட்டுப் பட்டு, எவருக்கும் தெரியாமல் அதன் பற்றரி இறங்கிப்போயிருந்தது. அன்று அண்ணை வீட்டுச் செருப்போடு ஸ்டீல்ஸ் வீதி வரை போய், பஸ் தரிப்பில் நின்றிருக்கிறார். ஒரு பஸ் சாரதி ஏற்றி வைத்துக்கொண்டு பொலிசுக்கு அறிவித்தார். கால்விரல்கள் இரண்டு கறுத்துப்போய், தப்பின.

அதற்குப் பிறகுதான் அக்கா இன்ரநெற் வயரைப் பற்றி யோசித்தார். தொழிற்சாலையில் அவர் கையில் பட்ட பலகைகளில் ஒரு வகை, அலுவலக மேசைத் தொலைபேசிகளுக்கானது. அந்தத் தொலைபேசிகளுக்குத் தனியாக மின்வயர் கிடையாது. பேச்சு போகிற வயருக்குள்ளாலேயே கரண்டும் வரும்.

"அவர் பிளக்கைத் தேடித்தானே கழட்டுறார்? இதில பிளக்கே இல்லைத் தம்பி. சுவரில ஒரு நீல வயர் ஓடும். அவரின்ரை கண்ணுக்கு அது கரண்ட் இல்லை."

முதலில் அவர் வாங்கியது மலிவான ஒரு சாமான். வயருக்குள் கரண்டை ஏற்றுகிற சின்னக் குற்றி. அது எதையும் கேட்காது. மறுமுனையில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் முழு வோல்ற்றையும் தள்ளிவிடும். அவருடைய சின்னப் பலகை ஐந்து வோல்ற்றுக்கு மேல் தாங்காது. செருகிய உடனே ஒரு வெடிப்பு, ஒரு நூல் புகை. அண்ணை கதிரையிலிருந்து எழுந்து வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்ன கருகுது? உழுந்து வறுக்கிறியோ?"

"ஓம். கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அக்கா.

பிறகு சரியான பெட்டியை வாங்கினார். அது கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் வயருக்குள் மிகச் சிறிய ஒரு மின்னழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் இருப்பது கரண்ட் கேட்கிற வகைதானா என்று சோதிக்கும். ஆம் என்று தெரிந்தால் மட்டும் திறந்துவிடும். வருகிற நாற்பத்தெட்டு வோல்ற்றை ஐந்தாகக் குறைத்துக் கொடுக்க, பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிப் பெட்டி. இதை எனக்கு விளங்கப்படுத்தியபோது அக்கா சொன்னார்: "கேக்காமல் குடுத்தால் எரிஞ்சுபோம். என்ரை மகளுக்கும் இதைச் சொல்லோணும்."

சுவரில் செருகுகிற அந்தப் பெட்டியையும் இன்ரநெற் மொடெத்தையும் பேஸ்மென்ற்றில் கணப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணை பேஸ்மென்ற்றுக்கு இறங்குவதில்லை. அங்கே யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள் என்று நம்பினார். "கீழ வேற குடும்பம் இருக்கு, அதுகளின்ரை வீட்டுக்க நாங்கள் போகப்படாது" என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் ஒருபோதும் எவரும் வாடகைக்கு இருந்ததில்லை.

தரையில் துளை போட என்னிடம் துளைகருவி இருந்தது. நான் முன்கதவுக்கு அருகே மண்டியிட்டு இருந்தபோது மகள் வந்தாள். கையில் ஒரு கடைப் பை. அதற்குள் பித்தளைக் கொண்டி. கதவின் உச்சியில், அண்ணையின் கண் போகாத உயரத்தில் போடுவதற்கு.

"அம்மா, மேல ஒண்டு போட்டால் முடிஞ்சுது. அப்பா மேல பாக்கமாட்டார். எல்லாரும் இதைத்தான் செய்யினம். டொக்ரரும் சொன்னவர்."

"அப்பா பாத்தால்?"

"பாக்கமாட்டார் எண்டுதானே சொல்லுறன்."

"பாக்காட்டியும் தள்ளிப் பாப்பார். திறக்காது. பிறகு என்ன செய்வார்?"

"கொஞ்ச நேரம் தட்டுவார். பிறகு மறந்துபோவார். அம்மா, ப்ளீஸ். இற்ஸ் ஃபோர் ஹிஸ் சேஃப்ரி."

அக்கா வயரின் முனையில் எட்டுக் குட்டிக் கம்பிகளையும் நிறப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். அதை விடவில்லை.

"ஊரில ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பூட்டிவைச்சவங்கள் அந்தாளை. நீ அப்ப பிறக்கேல்லை. வெளியில வந்து ஒரு வருசம் கதவு சாத்தின அறைக்குள்ள படுக்கேல்லை. விறாந்தையில படுத்தவர். மழைக்கும் விறாந்தை. எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. இப்ப அவருக்கு என்ன மறந்தது, என்ன மறக்கேல்லை எண்டு உனக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. தெரியாமல் நான் அந்தக் கதவைப் பூட்டமாட்டன்."

"அப்ப குளிருக்க போய்ச் சாகட்டுமோ?"

"மறிக்க வேண்டாம். போறார் எண்டு தெரிஞ்சாக் காணும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் துளையைப் பார்த்தேன். கொண்டி அதன் பொதியோடு கதவு மூலையில் கிடந்தது. கோடைப் பகல்களில் காற்றுக்குக் கதவு சாத்தாமல் இருக்க அக்கா அதையே முட்டுக் கொடுத்தார்.

அன்று பின்னேரமே அது வேலை செய்தது. கதவு நிலையில் ஒரு காந்தமும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலும். கதவு திறந்தால் பலகைக்குத் தெரியும். அக்காவின் காடிகன் பையில் கைபேசி அடிக்கும். அண்ணை வழக்கம்போல அறை அறையாகப் போய் எல்லாப் பிளக்கையும் கழற்றினார். நீல வயரை ஒருமுறை பார்த்தார். தடவிப் பார்த்தார். விட்டுவிட்டார். "சரி, நான் வெளிக்கிடுறன்" என்றார். பை அடித்தது.

"தெரிஞ்சாக் காணும்", தெரிந்தால் போதும், என்று அக்கா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. நான் நினைத்திருந்தது, கைபேசி அடித்தவுடன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வருவார் என்று. அவர் அப்படிச் செய்யவில்லை. கோட்டைப் போட்டு, சப்பாத்தைக் கட்டி, அண்ணையின் கோட்டையும் தொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தூரம் விட்டுப் பின்னால் நடப்பார். என் யன்னலிலிருந்து பார்த்தால் முன்னால் அண்ணை, பின்னால் அக்கா. நடுவில் இரண்டு மூன்று வீடு இடைவெளி. மூலைவரை போனதும் அண்ணை நிற்பார். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாத ஆளின் நிலை. அப்போது அக்கா நடையைக் கூட்டிப் போய், தற்செயலாகக் கண்ட மாதிரி நிற்பார்.

ஒருமுறை நான் குப்பைப் பெட்டியை வெளியே வைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு எனக்குக் கேட்டது.

"எங்க மனேஜர், இந்தப் பக்கம்?"

"வீட்டை போறன். பஸ்ஸைக் காணேல்லை."

"நானும் அந்தப் பக்கம்தான். வாங்கோவன், சேர்ந்து நடப்பம். இந்தாங்கோ, இதைப் போடுங்கோ. பனி."

"நீங்கள் ஆரின்ரை பகுதி?"

"உங்கட பகுதிதான்."

அண்ணை கோட்டுக்குள் கையை நுழைத்தார். இருவரும் திரும்பி வந்தார்கள். தன் வீட்டு வாசலில் அண்ணை நின்று, வந்த பெண்ணுக்கு நன்றி சொல்லி, "உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டார். அக்கா "வேண்டாமே, உங்களுக்குக் கரைச்சல்" என்றார். பிறகு உள்ளே போனார். ஒவ்வொரு மாலையும் தன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போனவர் அவர் ஒருவர்தான். நான் அறிய வேறு ஆள் இல்லை.

இப்படி ஒரு மாரி கழிந்தது. அடுத்த மாரியும் கழிந்தது. நீல வயர் ஒரு நாளும் பிழை விடவில்லை. அக்கா அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியதும் இல்லை. புதிய கறிவேப்பிலைக் கன்றுக்கும் அதே பெட்டியிலிருந்து இன்னொரு வயர் இழுத்திருந்தார். அது நன்றாகத் தழைத்தது. எங்களுக்கும் ஒரு கொப்பு தந்தார்.

ஆவணியில் ஒரு பின்னேரம் மழை வந்தது. வானம் நேரத்தோடேயே இருட்டியது. முதல் இடி முழங்கியபோது, சுவருக்கு இந்தப் பக்கம் நான் எங்கள் ரிவியின் பிளக்கைக் கழற்றினேன். மனைவி மொடெத்தைக் கழற்றினாள். இடி என்றால் எங்கள் ஆட்கள் செய்வது அது. ஊரில் ரேடியோவின் ஏரியல் வயரைக் கழற்றி வெளியே போட்ட காலத்திலிருந்து கை அப்படிப் பழகியிருக்கிறது. இங்கே அதற்குத் தேவையில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நாங்கள் கழற்றுகிறோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும் அதைத்தான் செய்தார். பேஸ்மென்ற்றுக்கு இறங்கி, பெட்டியின் பிளக்கையும் மொடெத்தின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி, வயர்களைச் சுருட்டி வைத்தார். மேலே வந்தார். பின்வளவில் மிளகாய் காயப்போட்ட தட்டும் கறிவேப்பிலைச் சாடியும் கிடந்தன. காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. அவற்றை எடுக்க வெளியே போனார். அந்த நேரத்தில் முன்னறை யன்னலில் வெளிச்சம் போனது. அண்ணைக்குக் கடை பூட்டுகிற நேரம் வந்தது.

அக்கா எங்கள் கதவைத் தட்டியபோது தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "தம்பி, காரை எடுங்கோ" என்றார். நான் எடுத்தேன். மழையில் வைப்பரின் வேகம் போதவில்லை. தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினேன். அக்கா பக்கத்துச் சீற்றில் இருந்து கைபேசியைக் கையில் வைத்திருந்தார்.

"நான்தான் கழட்டினன்" என்றார்.

நான் மூலையில் காரைத் திருப்பினேன்.

"இடி முழங்கினது. போய்க் கழட்டினன். ஏன் கழட்டிறன் எண்டு யோசிக்கேல்லை."

"ஆரும் அப்பிடித்தான் அக்கா."

"உது அடிச்சால் ஆள் போயிட்டார் எண்டு அர்த்தம். அடிக்காட்டி இருக்கிறார் எண்டு நினைச்சிட்டன். அடிக்காட்டி வயர் செத்தும் கிடக்கலாம் எண்டு யோசிக்கேல்லைப் பாருங்கோ. செய்யேக்கை அதை யோசிச்சிருக்கோணும். வயரில கரண்ட் இருக்கோ இல்லையோ எண்டு அது தானாச் சொல்லுற மாதிரிச் செய்திருக்கலாம். பெரிய வேலை இல்லை."

அந்தக் குரலில் எந்த மாற்றமும் இல்லை. பட்டுப்போன கன்றைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

எங்கள் தெரு முடிகிற இடத்துக்கு அப்பால், உயர்ந்த மின்கோபுரங்கள் வரிசையாக நிற்கிற புல்வெளி உண்டு. அதன் ஓரத்து வாய்க்காலில் அண்ணை இருந்தார். ஒரு கால் தனக்குக் கீழே மடிந்திருந்தது. தண்ணீர் இடுப்புவரை. பேனை சட்டைப் பையில் இருந்தது.

"கிளாக்கர், கடை பூட்டினதோ?" என்றார்.

"ஓம் மனேஜர்."

அக்கா வாய்க்காலுக்குள் இறங்கி அவருக்குப் பக்கத்தில் தண்ணீரிலேயே இருந்தார். "நானும் அந்தப் பக்கம்தான்" என்றார். அண்ணை எழும்பப் பார்த்தார். முடியவில்லை. அவசர வண்டி வரும்வரை அவர்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் பிரயோசனம் இருக்கவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை சரியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ரெக்ஸ்டேல் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. நினைவு போனவர்களுக்கான மாடி. நான் மருத்துவமனைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போயிருந்த அன்று, மகள் அந்த இல்லத்துக் கடதாசிகளைக் கொண்டு வந்திருந்தாள். அக்கா நடைவழி வாங்கில் இருந்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த மாடிக்குக் கதவு பூட்டியிருக்குமோ?"

"ஓம் அம்மா. நம்பர் அடிச்சாத்தான் திறக்கும். எல்லா இடமும் அப்பிடித்தான்."

"அப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

மகள் கடதாசிகளை மடியில் வைத்தாள். பிறகு தாயின் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அம்மா, அண்டைக்கு இடி முழங்கேக்கை அந்தக் கதவில கொண்டி இருந்திருந்தால்?"

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பேனையை வாங்கி, மகள் விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்து வைத்தார். பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "தம்பி, ரசம் நல்ல வாசம். உப்புக் குறைச்சுத்தானே போட்டது?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

வீட்டை விற்றார்கள். அக்கா ரெக்ஸ்டேலில், இல்லத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு பேஸ்மென்ற்றை வாடகைக்கு எடுத்தார். நீல வயர்களைத் தானே இழுத்தெடுத்துச் சுருட்டிக்கொண்டு போனார். அங்கே அவற்றால் எதையும் செய்ததாக நான் அறியவில்லை. சோல்டர் கோலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். எனக்கு அது தெரியாத வேலை.

அக்கா இப்போது இல்லை. முன்னால் போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்த அண்ணை இன்னும் அதே மாடியில் இருக்கிறார்.

அக்கா இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு அவர்களைப் பார்க்கப் போனேன். சுத்தமான இடம். உணவுக்கூடத்துக்கு அப்பால் நீளமான நடைவழி. அதன் முடிவில் அந்தக் கதவு. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் எண் அடிக்கிற தட்டு. அதற்கு மேல், வருகிறவர்களின் வசதிக்காக, அன்றைய எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே இருப்பவர்களுக்கு அதைப் பார்த்து அடிக்கத் தெரியாது என்ற துணிவில்.

அண்ணை சக்கர நாற்காலியில் இருந்தார். என்னைக் கிளாக்கர் என்று கூப்பிடவில்லை. யன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறையத் தொடங்கியபோது மட்டும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அக்கா எழுந்து கோட்டைப் போட்டார். அண்ணைக்கும் கோட்டைப் போட்டு, பொத்தான்களைப் பூட்டி, தொப்பியை வைத்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடைவழி முடிவுக்குப் போனார். நானும் போனேன். கதவுக்கு முன்னால் நிறுத்தினார். எண் அக்காவின் முகத்துக்கு நேரே இருந்தது. கையைத் தூக்கவில்லை.

தூரத்தில் ஒருவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த வேலைசெய்கிற பிள்ளை, எங்கள் ஊர்ப் பிள்ளை, திரும்பிப் பார்த்தாள்.

"அன்ரி, நம்பர் மேல எழுதிக் கிடக்குத்தானே? எத்தினை தரம் சொன்னனான். அடிச்சிட்டுப் போங்கோவன்."

"எனக்குத் தெரியும் பிள்ளை. இவருக்குத் தெரியாதே."

"பிறகேன் நிக்கிறியள்? எனக்கு இன்னும் மூண்டு பேருக்குத் தீத்த இருக்கு."

"நீ ஆறுதலா முடிச்சிட்டு வா. வந்து திற. நாங்கள் நிக்கிறம்."

அண்ணை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு அதே கதவைப் பார்த்தார். எண் எனக்கும் நன்றாகத் தெரிந்தது. நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.